'நல்ல அண்ணன்' என்ற சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டவருக்கு

கேட்க மறுத்த காதுகளின் முன் குழந்தைகளின் குரலாய் நின்ற கோமகளே! அகத்தில் நடப்பதை அகத்தோடு அடக்கச் சொன்னவர்களுக்கு அஞ்சாத அறச்செல்வியே! எங்கள் குழந்தைகள் மனநல மையத்தின் தலைமை ஆய்வாளரே! அடைமொழியைக் கண்டாலே சிவப்புப் பேனாவைத் தேடும் அம்மையீரே! இன்று ஒருநாள் அதை மூடிவைத்து எங்கள் வணக்கத்தை ஏற்றருள்க!

குழந்தைக்குக் கேடு வெளியாளால்தான் வரும் என்று எல்லோரும் வாசற்கதவைப் பூட்டிக்கொண்டிருந்த காலத்தில், பூட்டிய கதவுக்குள்ளும் பாருங்கள் என்றவர் நீங்கள். உடன்பிறந்தவரே இழைக்கும் பாலியல் கொடுமையைப் பற்றி நீங்கள் பேச எழுந்தால், கருத்தரங்கில் பாதி நாற்காலிகள் காலியாகும். "அண்ணன் தங்கச்சிக்குள்ள போய் இதெல்லாமா மேடம்?" என்று முகம் சுளித்தவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள்.

பாராட்டுவதானால் என் பிழையையும் சேர்த்துப் படியுங்கள், இல்லையேல் மேடைப்பக்கமே வரமாட்டேன் என்று அடம்பிடித்தீர்கள். ஆகவே படிக்கிறோம்.

பள்ளியில் அடிக்கடி மயங்கி விழுந்த சிறுமி ஒருத்தியை, தாய்க்கு விடுப்புக் கிடைக்காததால் அண்ணன் உங்களிடம் அழைத்துவந்தான். மீசை அரும்பும் வயது. தங்கையின் பையைத் தன் தோளில் மாட்டியிருந்தான். அவளிடம் நீங்கள் கேட்டதற்கெல்லாம் அவனே முந்திக்கொண்டு பதில் சொன்னான். நீங்கள் உருகிப்போனீர்கள். "இப்படி ஒரு அண்ணன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா" என்றீர்கள். சிறுமி தலையாட்டிவிட்டு எழுந்து போனாள்.

மீண்டும் வந்தபோது அடுத்த வகுப்புக்குப் போயிருந்தாள். இம்முறை தாய் கூட்டிவந்தார். தாயை வெளியே அமர்த்திவிட்டு, வீட்டில் யார் யார் எங்கே படுப்பீர்கள் என்று மட்டும் கேட்டீர்கள். தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன். நீங்கதான் அவன நல்ல அண்ணன்னு சொன்னீங்க. அதான் சொல்லல."

இடைப்பட்ட மாதங்களெல்லாம் அந்தக் கொடுமை தொடர்ந்திருந்தது. நீங்கள் சாக்குச் சொல்லவில்லை. "தப்பு என்னோடது. மன்னிச்சிரும்மா. நீ சொல்றத நம்புறேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றீர்கள்.

செய்தி அறிந்த தாய் உங்களிடம் கேட்டார்: "ரெண்டும் என் வயித்துல பொறந்தது மேடம். எந்தக் கண்ண நான் குத்திக்க?"

"எதையும் குத்திக்க வேணாம். பையனுக்கும் சிகிச்சை குடுப்போம். ஆனா இன்னைலருந்து ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது."

சட்டப்படி தெரிவிக்க வேண்டிய இடத்தில் தெரிவித்தீர்கள். சித்தி வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை என்று விசாரித்து அறிந்த பிறகே பையனை அங்கே அனுப்பச் சம்மதித்தீர்கள். குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்று தந்தை தாயோடு பேசுவதை நிறுத்தினார். அந்த வீடு பழையபடி ஆகவேயில்லை. சிறுமி மட்டும், நாளாவட்டத்தில், கதவைத் தாழிடாமல் தூங்கப் பழகினாள்.

உங்கள் ஆய்வு முளைத்த இடம் அதுதான். சிறுபிள்ளை விளையாட்டு எது, மிரட்டலும் மறைப்பும் கலந்த கொடுமை எது என்று பிரித்தறியக் கற்பித்தீர்கள். உடன் வந்தவர் எவராயினும் வெளியே அமர்வதும், குழந்தையின் முன் எவரையும் மெச்சாதிருப்பதும் இங்கே வழக்கமாயின. வளர்ந்துவிட்ட அந்தப் பெண்ணிடம் இசைவு பெற்றே இதைப் படிக்கிறோம். இந்தப் பாராட்டு விழாவுக்கும் அழைத்தோம். "அந்த மையத்து வாசப்படிய மிதிக்க இன்னும் முடியல. ஆனா படிங்க" என்றாள்.

ஓயாது உழைத்த உடல் நோயின்றி நிலைக்கவும், பிறர் துயர் சுமந்த நெஞ்சம் சற்றேனும் இளைப்பாறவும், பல்லாண்டு நீங்கள் வாழ வேண்டும் அம்மா! சட்டமிட்ட இம்மடலை உங்கள் வீட்டுக்குத் தரப்போவதில்லை. நீங்கள் கேட்டபடியே எங்கள் பணியறைக் கதவருகில் மாட்டுகிறோம். நாளையும் ஓர் அண்ணன் தங்கையின் பையைச் சுமந்து வருவான். அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனாலும் நீங்கள் சொல்வதைப் போலவே சொல்வோம்:

"அண்ணன் வெளிய இருக்கட்டும். நீ உள்ள வாம்மா."

என்றும் உங்கள் வழி நடக்கும்
மையத்தின் ஆய்வாளர்கள், ஆற்றுப்படுத்துநர்கள், அலுவலகப் பணியாளர்கள்