நூத்தியெட்டாம் நம்பர் மரம்

கிளியம்மாள்: மெதுவா நடடீ. இன்னா ஓட்டம் இது? எனக்கு மூச்சு வாங்குது.

பாஞ்சாலி: ஓடல அண்ணி, என் நடையே இதான். கம்பெனில எட்டு மணிக்கு சங்கு ஊதும். அதுக்குள்ள கேட்டுல டோக்கன் எடுத்தாவணும்.

கிளியம்மாள்: எடுக்கலன்னா?

பாஞ்சாலி: பேரை அடிச்சிடுவாங்க. லெட்டர்ல அப்டித்தான் போட்டிருக்கு. ஏழு மாசம் பொறுத்துக்கினாங்க. இன்னிக்குதான் கடைசி.

கிளியம்மாள்: சுவிட்சுக்கு ஸ்க்ரூ முடுக்கற வேலை. போனா போவுது. என் தம்பி உனக்கு சோறு போட மாட்டானா?

பாஞ்சாலி: உங்க தம்பி போடுவாரு. உங்க அம்மா வுடணுமே.

கிளியம்மாள்: எங்கம்மா இன்னா பண்ணாங்க?

பாஞ்சாலி: நேத்து நீங்க குன்றத்தூர்ல இருந்து வந்ததும் வராததுமா அடுப்பாண்ட அத்தையும் நீங்களும் குசுகுசுன்னு பேசினீங்களே… எல்லாம் காதுல வுழுந்துச்சி. "தேறுமா தேறாதான்னு நீயே பாத்து சொல்லு கிளி. தேறலன்னா அவ அம்மா வூட்டுக்கே அனுப்பிடலாம்."

கிளியம்மாள்: ஒட்டுக் கேட்டியா?

பாஞ்சாலி: ஒட்டு எதுக்கு? பைத்தியத்துக்குக் காது கேக்காதுன்னு அவங்க சத்தமாத்தான் பேசினாங்க.

கிளியம்மாள்: சரிடீ, ஒளிக்கல. பாத்துட்டு சொல்றேன்னுதான் கூட வர்றேன். நீ கம்பெனி கேட்டு வரைக்கும் தெனம் போய்ட்டு வர்றியாமே? தம்பி சொன்னான்.

பாஞ்சாலி: ஆமா… தெனம்தான்.

கிளியம்மாள்: ஏழு மாசம் முன்னாடி பாயை வுட்டு எழுந்திருக்க மாட்டியே! தலைய சீவ மாட்ட. எண்ணெ வெக்கலாம்னு நான் கிட்ட வந்தா செவுத்துப் பக்கம் திரும்பிக்குவ.

பாஞ்சாலி: அதெல்லாம் ஏன் இப்போ?

கிளியம்மாள்: சொல்லேன். மொத மொத எப்டி வந்துச்சி?

பாஞ்சாலி: கம்பெனில ஸ்க்ரூ முடுக்கற லைன்ல ஒக்காந்துக்கினு இருந்தேன். திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது. கையி மரத்துப் போச்சி. செத்தேன்னே நெனச்சேன் அண்ணி. எல்லாத்தயும் அப்டியே போட்டுட்டு வெளிய ஓடி வந்துட்டேன். அப்பால கம்பெனி பேர கேட்டாலே நடுக்கம். கொழாயடிக்குப் போனாலும் நடுக்கம். கடைசில வாசப்படி தாண்டினாலே…

கிளியம்மாள்: தொண்டைய யாரோ புடிக்கற மாதிரி.

பாஞ்சாலி: ஆமா. அப்டியேதான்.

கிளியம்மாள்: அம்மா தாயத்து கட்டினாங்களே. கோழி கூட அறுத்தாங்க.

பாஞ்சாலி: கோழிக்குதான் கெட்ட நேரம். ஆஸ்பத்திரில நெஞ்சுல வெச்சிப் பாத்துட்டு, "எல்லாம் நல்லா கீதும்மா, தைரியமா இரு"ன்னாங்க. தைரியம் எங்க கெடைக்கும்னு மட்டும் சொல்லல.

கிளியம்மாள்: நீ எங்கதான் கண்டுபுடிச்ச?

பாஞ்சாலி: இதோ இந்த ரோட்டுலதான். மரத்துல நம்பர் பாத்தீங்களா?

கிளியம்மாள்: ஹைவேஸ்காரங்க அடிச்ச நம்பரு. அதுக்கு இன்னா?

பாஞ்சாலி: நம்ம வூட்டு எதிர்ல கீற புளியமரம் நாப்பத்தொண்ணு. கம்பெனி கேட்டாண்ட கீறது நூத்தியெட்டு. ஒருநாள் அத்தை தூங்கறப்போ எழுந்து வந்தேன். நாப்பத்தொண்ணைத் தொட்டேன். ஒடம்பெல்லாம் வேர்த்துப் போச்சி. நூறு எண்ணிட்டு வூட்டுக்கு வந்துட்டேன். மறுநாளு நாப்பத்திரெண்டு.

கிளியம்மாள்: அவ்ளோதானா? ஒரு நாளைக்கு ஒரு மரம்?

பாஞ்சாலி: அவ்ளோதானாவா? நாப்பத்தி ஆறுல பதினோரு நாளு நின்னேன் அண்ணி! ஏழுக்குப் போவ முடியல. ஒருநாள் திரும்பவும் நாப்பத்தொண்ணுக்கே வந்துட்டேன். மழையில நின்னேன். லாரிக்காரன்லாம் கிண்டல் பண்ணிக்கினு போனான். ஆனா ஒருநாள் கூட வுடல.

கிளியம்மாள்: இரு… நடுவுல அது வந்தா இன்னா பண்ணுவ? நெஞ்சு அடிச்சிக்குமே, அப்போ?

பாஞ்சாலி: நிப்பேன். தெருநாய் மாதிரி அண்ணி அது. ஓடினா தொரத்தும். நின்னா கொஞ்ச நேரம் கொலைக்கும், அப்பால அதுவே போயிடும்.

கிளியம்மாள்: எவ்ளோ நேரம்? நூறு எண்ணற வரைக்குமா? போவலன்னா?

பாஞ்சாலி: இன்னொரு நூறு. ஏன் அண்ணி, வக்கீல் மாதிரி கேக்கறீங்க?

கிளியம்மாள்: அம்மா கேப்பாங்கல்ல. நான் சொல்லணும்ல.

பாஞ்சாலி: ஒரு கூத்து கேளுங்க. அறுபதாம் நம்பர் வரைக்கும் வந்துட்டேன். அன்னிக்கு வூட்ல பாயசம் வெச்சேன், தெரியுமா? மறுநாளு வந்து பாக்கறேன்… அதே மரத்துல அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கு!

கிளியம்மாள்: அது எப்டிடீ?

பாஞ்சாலி: நடுவுல ரெண்டு மரத்த வெட்டிட்டு, எல்லாத்துக்கும் புதுசா நம்பர் அடிச்சிட்டாங்க. எனக்குத் தெரியல. ரெண்டு மரம் பின்னால போய்ட்டேன்னு ரோட்லயே ஒக்காந்து ஓன்னு அழுதேன்.

கிளியம்மாள்: அடி என் அறிவுக்கொழுந்தே!

பாஞ்சாலி: சிரிங்க, சிரிங்க. ரெண்டு நாள் சாப்புடல நானு. மூணாவது நாள்தான் தோணிச்சி. நம்பர மாத்தினா இன்னா? என் காலு நின்ன எடம் அதே எடம்தானே? அத எவனாலயும் அழிக்க முடியாதே!

கிளியம்மாள்: …நல்லா சொன்னடீ.

பாஞ்சாலி: உங்க வாயில இருந்து நல்ல வார்த்தையா! ஆமா, ஏன் என் கைய இப்டி இறுக்கிப் புடிச்சிக்கினு வர்றீங்க? வளையல் ஒடைஞ்சிடும்.

கிளியம்மாள்: செருப்பு வாரு அறுந்துடும் போல கீது. நீ நட… ஏய், இன்னா நின்னுட்ட?

பாஞ்சாலி: ஒண்ணும் இல்ல.

கிளியம்மாள்: தொண்ணூத்தியாறு. இன்னும் பன்னெண்டு மரம்தானே? கேட்டு தெரியுது பாரு. மணி ஆவுது, வாடீ.

பாஞ்சாலி: ஒரு நிமிஷம் அண்ணி…

கிளியம்மாள்: கை இன்னா இப்டி சில்லுனு ஆயிடுச்சி? பாஞ்சாலி… வந்துடுச்சா?

பாஞ்சாலி: வூட்டுக்குப் போயிடலாமா அண்ணி? நாளைக்கு…

கிளியம்மாள்: நாளைக்கு உன் பேரே இருக்காது. நில்லு. ஓடாத. நீதானே சொன்ன, ஓடினா தொரத்தும்னு? எண்ணு. நானும் கூட எண்றேன். ஒண்ணு… ரெண்டு… வாயத் தொறந்து சொல்லுடீ!

பாஞ்சாலி: மூணு… நாலு…

கிளியம்மாள்: கொலைக்கட்டும். நல்லா கொலைக்கட்டும். எட்டு… ஒம்பது…

பாஞ்சாலி: …எழுவத்திநாலு. எழுவத்தஞ்சி. அண்ணி… போதும். அடுத்த மரத்துக்குப் போலாம்.

கிளியம்மாள்: நூறு ஆவலயே?

பாஞ்சாலி: நடந்துக்கினே எண்றேன். வாங்க!

கிளியம்மாள்: ஏய்… ஏய்… இப்போ நெஜமாவே ஓடறடீ!

பாஞ்சாலி: நூத்திநாலு… நூத்தியஞ்சி… வாங்க அண்ணி! நூத்தியெட்டு! பலராமண்ணே! வாட்ச்மேன் அண்ணே! டோக்கன்!

பலராமன்: அட, பாஞ்சாலியா! உன் டோக்கன் மாட்டற ஆணிய இன்னிக்குப் புடுங்கிடுவாங்கன்னு இல்ல நெனச்சேன். முன்னூத்திப் பதினேழு… அதோ தொங்குது பாரு. எடு. சங்குக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் கீது. இவங்க யாரு?

பாஞ்சாலி: எங்க வூட்டுக்காரரோட அக்கா.

பலராமன்: நல்லதும்மா. உள்ள யாரும் வரக்கூடாது, இங்கயே பேசிட்டு அனுப்புங்க.

பாஞ்சாலி: அண்ணி… ஒரு பொய் சொல்லிட்டேன்.

கிளியம்மாள்: இன்னா பொய்?

பாஞ்சாலி: தெனம் கேட்டு வரைக்கும் வர்றேன்னு சொன்னது. உங்க தம்பிகிட்டயும் அப்டித்தான் சொல்லி வெச்சேன். நேத்து வரைக்கும் தொண்ணூத்தியாறுதான். இந்தப் பன்னெண்டு மரமும் இன்னிக்குதான் மொத தடவ.

கிளியம்மாள்: அடிப்பாவி! என்ன கூட வெச்சிக்கினா சோதன பண்ண?

பாஞ்சாலி: அத்தைகிட்ட சொல்லிடுவீங்களா?

கிளியம்மாள்: சொல்லாம? "உன் மருமவள யாரும் தேத்தலம்மா, அவளே அவள தேத்திக்கினா. எங்கயும் அனுப்பத் தேவையில்ல, அவகிட்ட நாமதான் கத்துக்கணும்"னு சொல்லுவேன். எனக்கே பெருமையா கீதுடீ. இந்த டோக்கன ஒருவாட்டி குடு, தொட்டுப் பாக்கறேன்.

பாஞ்சாலி: இந்தாங்க. ஐய, கண்ணு ஏன் அண்ணி கலங்குது? தொடைங்க. நீங்க அத்தைகிட்ட சொல்லிட்டு பஸ்ஸ புடிச்சி குன்றத்தூர் போயி சேருங்க. நான் உள்ள போறேன்.

கிளியம்மாள்: நில்லுடீ… ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நாலு மாசமா நானும் வாசப்படி தாண்டல பாஞ்சாலி. வூட்ல யாருக்கும் சொல்லல. நேத்து உன்ன பாக்க வர்றதுக்கு மூணு பஸ்ஸ வுட்டுட்டு, நாலாவதுல கண்ண மூடிக்கினு ஏறினேன். எங்க தெருவுல புளியமரம் கெடையாது, கரண்ட் கம்பம்தான் கீது… அத எண்ணி நடந்தாலும் ஆவும்ல?