கற்பூரம் கரைந்த கடல்நீர்

அவையை ஆளும் தலைவர் ராமகிருஷ்ணன் ஐயா அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்த என் சொந்தங்களே, வணங்குகிறேன்.

"கடல் விஞ்ஞானி" என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறீர்கள். என் வேலை என்ன? கடல்நீரில் கரைந்து கிடக்கும் கரிமப் பொருளை அளப்பது. அழுகிய இலையும் கரையும், ஆலையின் கழிவும் கரையும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு லிட்டரில் ஓரிரு மில்லிகிராம்தான். விரல் பட்டாலே அளவு கெடும்.

அதனால் புட்டிகளைக் கழுவிக் கழுவி, உலையில் சுட்டெடுப்போம். கழுவியவர் நம் அடி அண்ணாமலை ஊர் ஆராயி அக்கா. நான் வேலை பார்க்கும் கடற்கரை ஆய்வகத்துக்கு அவரை அழைத்துப்போனவன் நான்.

கரையோர ஆலையின் கழிவு கடலில் கலக்கிறதா என்று மீனவர்கள் கேட்டார்கள். சென்ற ஆண்டு நீர் எடுத்தோம். மறுநாள் ஆயுத பூஜை. கருவிக்குப் பொட்டு, புட்டிக்குப் பொட்டு, மூடிக்குச் சந்தனம், வடிகட்டும் அறைக்குள்ளேயே கற்பூரம். உத்தரவிட்டவர் இயக்குநர். ஏற்றியவர் இயக்குநர். படம் எடுத்துக்கொண்டவரும் இயக்குநர். அக்கா மட்டும் கேட்டார்: "பாட்டில தொடவே கூடாதும்பீங்களே சார், சந்தனம் வெக்கலாமா?"

"சாமி காரியம்மா, சும்மா இரு" என்றார் இயக்குநர்.

நான் பக்கத்தில் பொரி தின்றுகொண்டிருந்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கற்பூரமும் கரிமப் பொருள்தானே, அளவுகள் தாறுமாறாக வந்தன. ஆலையின் கழிவு எது, ஆரத்தியின் கற்பூரம் எது? பிரிக்க முடியவில்லை. ஆலை தப்பியது. பழிக்கு ஓர் ஆள் வேண்டுமே, யாரைப் பிடிப்பது? இயக்குநரையா? இறைவனையா? "புட்டிகள் சரியாகக் கழுவப்படவில்லை" என்று அறிக்கை எழுதினார்கள். கையெழுத்திட்டது யார்?

முன்வரிசை அண்ணன் யாரென்று கேட்கிறார். நான்தான் அண்ணே. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அக்காவை வரவேண்டாம் என்றார்கள்.

இப்போது கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டில் விற்கிறார். உங்களில் பலர் வாங்கிக் குடித்திருப்பீர்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். "பத்து தடவ கழுவுனேன் தம்பி. இன்னும் எத்தினி தடவ கழுவியிருக்கணும்? படிச்சவன்தானே, சொல்லு."

ஆய்வகம் திரும்பினேன். உண்மையை எழுதி இயக்குநரிடம் நீட்டினேன். கிழித்துப் போட்டார். இந்த ஆண்டுப் பூஜைக்கும் பத்து கிலோ பொரி சொல்லியாயிற்று.

இன்று பௌர்ணமி. அக்காவை இங்கே அழைத்தேன். "யாவாரம் இருக்குப்பா. நீ போய்ப் பேசு" என்றார்.

பேசிவிட்டேன். அதனால் அவருக்கு வேலை திரும்பாது, ஆலையும் மூடாது. இந்தப் பொன்னாடையை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நன்றியும் வணக்கமும்.