கேட்டைக் கேட்டு வாங்கியவர்

பெயர்: அடையாள அட்டையில் உள்ளபடி. அழைக்கும் பெயர்: வாலு. வயது: பதினேழு. தொழில்: மாணவி. முகவரி: சைலன்சர் பட்டறைக்குப் பின்னால் அதை ஒட்டியுள்ள வீடு. எனக்குப் பதினெட்டு நிறையாததால் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க இந்த வாக்குமூலம் பதிவு செய்யப்படுகிறது. தொடங்கும் முன்பு அம்மா அதிகாரியிடம், இவள் விளையாட்டுப் பிள்ளை, பார்த்து எழுதுங்கள் என்று சொன்னார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

நான் மேற்படி முகவரியில் அப்பா, அம்மாவுடன் குடியிருந்து வருகிறேன். மேற்படி பட்டறை அப்பாவுடையது. அங்கே வெல்டிங் வேலை செய்பவரைப் பொறி என்று கூப்பிடுவோம். தீப்பொறிக்கு நடுவிலேயே இருப்பதால் அந்தப் பெயரை நான்தான் வைத்தேன். எலிப்பொறிக்கும் அதே பெயர்தான் என்பது அப்போது தோன்றவில்லை. பொறி அண்ணன் இப்போது இந்த நிலையத்தின் பின்னறையில் அடைக்கப்பட்டிருக்கிறார். டாக்ஸி மாமாவின் காரில் உள்ளே ஒன்றுமில்லாத கன்வெர்ட்டரை மாட்டியது அவர்தான் என்றும், உள்ளே இருந்ததை எடுத்து விற்றதும் அவர்தான் என்றும் என் அப்பா சொல்லியிருக்கிறார். அது உண்மை அல்ல. அவரை வெளியே விட வேண்டும் என்று சொல்லவே வந்தேன்.

டாக்ஸி மாமா எங்கள் தெருக்கோடியில் இருந்தவர். சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டியவர். உறவு கிடையாது, கூப்பிட்டுக் கூப்பிட்டு மாமா ஆனவர். நான் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒன்று சொல்லாமல் போகமாட்டார்.

கன்வெர்ட்டர் என்றால் என்ன என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். காருக்கு அடியில் புகைக்குழாயின் நடுவே உள்ள இரும்பு டப்பா அது. உள்ளே தேன்கூடு மாதிரி பொடிப் பொடி ஓட்டைகளுடன் ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அதன் மேல் பூசியிருக்கும் உலோகம் புகையில் உள்ள விஷவாயுவை அடக்கும். அந்த உலோகத்துக்காகவே கட்டியை உடைத்து எடுத்து விற்பவர்களும், வாங்குபவர்களும் உண்டு. மெக்கானிக்குகள் கன்வெர்ட்டரைச் சுருக்கிக் கேட் என்பார்கள். இங்கிலீஷில் கேட் என்றால் பூனை, அதனால் நான் பூனை என்பேன். நாளடைவில் பட்டறையில் எல்லோரும் பூனை என்றே சொல்லப் பழகிவிட்டார்கள்.

போன வாரத் தொடக்கத்தில் மாமாவின் கார் புகைச் சோதனையில் தேறவில்லை. பூனை செத்துவிட்டது, மாற்றிக்கொண்டு வா என்று சோதனை நிலையத்தில் ஒரு தேதி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர் பட்டறைக்கு வந்து, காரின் கம்பெனியே செய்த கன்வெர்ட்டர் கிடைக்குமா என்று கேட்டார். அது வந்து சேர்வதற்குள் அந்தத் தேதி போய்விடும் என்று அப்பா சொன்னார். அதன் பிறகு அப்பா கைவசம் இருந்த மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று உடைப்புக்குப் போன காரில் கழற்றியது. மற்ற இரண்டும் புதியவை, வேறு கம்பெனிகள் செய்தவை.

மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றையும் தங்கம் வாங்குவது போலப் பார்த்தார். எப்படிப் பார்க்க வேண்டும் என்று பொறி அண்ணன் சொல்லிக் கொடுத்தார். பழையதைக் காதருகே வைத்து ஆட்டச் சொன்னார். உள்ளே கலகலவென்றது. கட்டி உடைந்திருக்கிறது, வேண்டாம் என்றார். புதியதில் சின்னதைக் கையில் எடுத்து, "உங்க எஞ்சின் விடுற மூச்சுக்கு இந்த மூக்கு பத்தாது மாமா" என்றார். அதன் பிறகு பெரியதைக் கொடுத்தார். அது கனமாக இருந்தது. அதில் அடித்திருந்த எண்ணும் காரின் எஞ்சினுக்குப் பொருந்தியது. மாமா டப்பாவின் ஒரு வாயில் செல்போன் விளக்கை அடித்து மறுவாயில் உள்ளங்கையைக் காட்டினார். உள்ளங்கை முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தது. அவர் கையைக் கிட்டே கொண்டுபோவதும் தள்ளிக் கொண்டுபோவதுமாகக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுவே போதும் என்று அவர் சொன்னதும் நான், "மாமா கேட்டை விலைக்கு வாங்கிட்டாரு" என்றேன்.

"அடியே, கேட்டுத்தானே வாங்குறேன். கேட்டைக் கேட்டு வாங்குறவன் கெட்டுப் போகமாட்டான்" என்று மாமா சொன்னார்.

இதில் கேட்டை என்பது கன்வெர்ட்டரைக் குறிக்கிறதா, தீங்கைக் குறிக்கிறதா என்று அதிகாரி கேட்டார். அன்றைக்கு இரண்டையும் குறித்தது. இந்தப் பகுதி வழக்குக்குத் தேவையில்லை என்றார். இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு மாமா, பட்டறையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தப்பாக நினைக்கவில்லை என்றார். மாமா என்னிடம், தான் எடுத்ததன் மேல் ஒரு அடையாளம் போடச் சொன்னார். நான் வெள்ளை பெயிண்ட் பேனாவால் இரண்டு காதும் மீசையும் வைத்து ஒரு பூனைமுகம் வரைந்தேன். மீசை ஒரு பக்கம் கோணலாகிவிட்டது. "நல்லதாப் போச்சு. இந்தக் கோணமூஞ்சி வேற யாருக்கும் இருக்காது" என்று மாமா சொல்லிவிட்டுப் போனார். அவர் சந்தேகப்பட்டது டப்பா மாறுமோ என்றுதான். டப்பா மாறவில்லை.

அன்று மதியம் பொறி அண்ணன் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்து வெல்டு வைத்தபோது முகக்கவசம் நழுவி வெளிச்சம் நேராகக் கண்ணில் பட்டது. கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல இருக்கிறது என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

அவர் போன பிறகு, இருட்டுவதற்கு முன்பு, நான் கை கழுவக் கொல்லைப்பக்கக் குழாயடிக்குப் போனேன். அப்பா அங்கே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு கன்வெர்ட்டரை இடுக்கிக்கொண்டு, அதன் வாய்க்குள் கம்பியை விட்டுச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். சாக்கின்மேலும் தரையிலும் சாம்பல் நிறத்தில் நொறுங்கிக் கிடந்தது. அப்பாவின் முழங்காலுக்கு மேலே வெள்ளையாக ஒரு பூனைக்காது தெரிந்தது.

நான், பூனைக்கு ஆபரேஷனா என்று கேட்டேன். அப்பா தலையைத் தூக்காமல், இது பழசு, போய்ப் படி என்றார். நான் போய்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுத்தியல் சத்தம் முதலில் மந்தமாகக் கேட்டது. பிறகு குடத்தில் தட்டுவது போல ஆயிற்று. பிறகு நின்றது.

மறுநாள் காலை அம்மா கொடுத்த சாப்பாட்டைப் பொறி அண்ணன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குமேல் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தார். என் குரலைக் கேட்டுத்தான் நான் என்று தெரிந்துகொண்டார். மாமா வண்டியை யார் செய்கிறார்கள் என்று கேட்டார். அப்பாவே செய்கிறார் என்றேன். "அப்பாகிட்ட சொல்லு, பூனைக்குப் பின்னாடி உள்ள ஜாயின்ட்ல துரு நிறைய இருக்கு, தேய்ச்சிட்டு வெல்டு வைக்கணும். பின் சீட்டுக்குக் கீழ தகடு அரிச்சு ஓட்டை விழுந்திருக்கு. அதையும் அடைச்சிரச் சொல்லு" என்றார். நான் வந்து அப்படியே அப்பாவிடம் சொன்னேன். தனக்கே பாடம் எடுக்க ஆள் வந்துவிட்டதா என்று அப்பா கேட்டார். துருவைத் தேய்க்கவில்லை, தகட்டையும் அடைக்கவில்லை. குழாயின் பின்பக்கத்தில் இருக்கும் சென்சாருக்கு மட்டும் நீளமான நட்டு ஒன்றை வைத்தார். அதை வைத்தால் கன்வெர்ட்டர் வேலை செய்யாவிட்டாலும் டேஷ்போர்டில் விளக்கு எரியாது. மேற்படி வேலை முழுவதும் அப்பா தனியாகச் செய்தார், நான் பார்த்தேன். அப்போது பொறி அண்ணனால் ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் வித்தியாசம் பார்த்திருக்க முடியாது.

அன்று மாலை மாமா வண்டியை எடுக்க வந்தார். குனிந்து அடியில் விளக்கடித்துப் பூனைமுகத்தைப் பார்த்துவிட்டு, கோணமூஞ்சி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். சோதனைக்கு வண்டியைத் தானே கொண்டுபோய்த் தேற்றித் தருவதாக அப்பா சொன்னார், அங்கே தெரிந்த ஆள் இருக்கிறார் என்றார். மாமா வண்டியைக் கிளப்பினார். குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவது போன்ற சத்தம் வந்தது.

அப்பா பக்கத்தில் நின்றார். நான், "மாமா, உங்க பூனைக்குக் குடல் இல்ல" என்றேன்.

"அதனாலதான் பசிக்காம இருக்கு. பெட்ரோல் மிச்சம்" என்று மாமா சொன்னார். அப்பா மாமாவைவிடச் சத்தமாகச் சிரித்தார். மாமா கை காட்டிவிட்டுப் போனார்.

ஏன் சொல்ல வேண்டிய விதத்தில் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார். அப்பா பக்கத்தில் நின்றார் என்று மேலே சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் நான் பேசும் விதம் அது ஒன்றுதான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மழை பெய்தது. மாமா ஒரு அலுவலகக் கட்டடத்தின் தரைக்கு அடியில் உள்ள கார் நிறுத்தத்தில், சவாரிக்காரர் வரும் வரை கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்துக் காவலாளி முதல் தடவை தட்டாமல் போயிருக்கிறார். இரண்டாம் தடவை தட்டியிருக்கிறார். மூக்குக்கண்ணாடி மூக்கிலேயே இருந்ததாக அத்தை, அதாவது மாமாவின் மனைவி, எங்களிடம் சொன்னார். காவல் நிலையத்தார் கூட்டிவந்த மெக்கானிக் கழற்றிப் பார்த்ததில், பின் ஜாயின்டில் வெல்டு விட்டுப்போய் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்ததும், புகை அதன் வழியாக வந்து தகட்டு ஓட்டையில் ஏறியதும், கன்வெர்ட்டருக்குள் கட்டியே இல்லாததும் தெரியவந்தன. உள்ளே கட்டி இருந்திருந்தால் வந்த புகை ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்திருக்காது என்று அந்த மெக்கானிக் சொன்னதாக அதிகாரி என்னிடம் சொன்னார்.

செய்தி வந்த அன்று மதியம் அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார். விசாரிக்க வருவார்கள், மாட்டியது பொறி, உங்கள் இரண்டு பேருக்கும் எதுவும் தெரியாது என்றார். அவர் வேலைக்கே வரவில்லையே என்று நான் சொன்னேன். அதற்கு அப்பா கோபப்படவில்லை. "உன்னை யாரு நம்புவா? நீ வாயைத் திறந்தாலே ஊரே சிரிக்கும்" என்றார். அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்துவிட்டு, ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் என்று சொன்னார். அப்பா சாப்பிட்டார். அதன் பிறகு காவலர்கள் பொறி அண்ணனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். கண் சிவப்பாக இருந்ததால் குடித்திருப்பதாக நினைத்தார்கள்.

அன்று மாலை நான் குழாயடிக்குப் போய்ப் பார்த்தேன். நொறுங்கிய துகள் கொஞ்சமாவது கிடைத்தால் கொண்டுவந்து காட்டலாம் என்று நினைத்தேன். தரை கூட்டப்பட்டு, கழுவப்பட்டிருந்தது.

மேற்படி துகள் எங்கே என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். பெரிய துண்டுகள் விற்கப்பட்டிருக்கும், மீதியாவது இல்லாமல் உன் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு உன் அப்பாவைக் கூப்பிட முடியாது, பொறியையும் விட முடியாது என்று அவர் சொன்னார். பட்டறையின் சாவி பொறியிடமும் இருந்தது என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார், நீயோ விளையாட்டுப் பிள்ளை என்று உன் அம்மாவே சொல்லியிருக்கிறார் என்றார்.

அதன் பிறகு வாக்குமூலம் முழுவதும் எங்கள் முன்னிலையில் சத்தமாகப் படித்துக் காட்டப்பட்டது. தரை கூட்டப்பட்டு என்ற இடம் வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னார்.

"கூட்டப்பட்டுன்னு எழுதினா, யாரு கூட்டினதுன்னு வரும்?"

யார் என்று அதில் வராது என்று அதிகாரி சொன்னார்.

"அப்ப அது சரியில்ல. நான் கூட்டினேன்னு எழுதுங்க. அவர் சொன்னாரு, நான் கூட்டினேன். பால்பவுடர் டின்ல போட்டு மூடி, பட்டறைக் கூரைக்கும் எங்க சுவருக்கும் நடுவுல உள்ள சந்துல வெச்சிருக்கேன். தூக்கிப் போட மனசு வரல."

அப்படிச் சொன்னால் உங்கள்மேலும் கேள்வி வரும், உங்களிடம் தனியாக வாக்குமூலம் வாங்க வேண்டியிருக்கும் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். வரட்டும், இவளுடையதை முதலில் முடியுங்கள் என்றார் அம்மா. தொடக்கத்தில் தான் சொன்ன விளையாட்டுப் பிள்ளை என்பதையும் அடிக்கச் சொன்னார். எழுதியதை அடிக்க முடியாது, பக்கத்தில் வேண்டுமானால் திருத்தம் எழுதலாம் என்று அதிகாரி சொன்னார். என்ன திருத்தம் எழுதுவது என்று கேட்டார். அம்மா தாளைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் பார்த்தார். பிறகு, ஒன்றும் எழுத வேண்டாம், அப்படியே இருக்கட்டும், என் மகள் என்று மட்டும் முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

தரை பற்றிய வரிக்குப் பக்கத்தில் திருத்தம் எழுதப்பட்டு, அதன் ஓரத்தில் நானும் அம்மாவும் சுருக்கொப்பம் இட்டோம். மேலே கண்டவை யாருடைய மிரட்டலுக்கும் ஆசை வார்த்தைக்கும் பணியாமல் நானாகச் சொன்னவை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டன, நான் சொன்னபடியே இருக்கின்றன. சிரிப்பு வரும் இடங்கள் உட்பட எல்லாம் உண்மை.

(கையொப்பம்)

உடனிருந்தவர்: தாய்
(கையொப்பம்)