சோலான்ஜ் கொண்டுவந்த கூடை

எங்கள் ஊரில் இலையுதிர்கால மழைக்குப் பிறகு மருந்துக்கடைக்கு மருந்து வாங்க வருபவர்களைவிடக் காளான் கூடையோடு வருபவர்கள்தான் அதிகம். காட்டில் பறித்ததை மருந்துக்கடைக்காரன் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சட்டியில் போடுவார்கள். இதற்குக் கூலி கிடையாது, மரியாதை உண்டு.

நீதிபதி ஐயா, நேற்று விசாரணையில் நீங்கள் என்னை நல்லவிதமாகவே நடத்தினீர்கள். கண் தவறிவிட்டது, யாருக்கும் நேரக்கூடியதுதான் என்றீர்கள். நான் வெளியே போகும்போது உங்கள் எழுத்தர் காவலரிடம் சொன்னது காதில் விழுந்தது. "லாடம் அடிக்கிறவன் மகன்தானே, என்ன படிச்சாலும் அவ்வளவுதான்." அதனால்தான் இன்று நானாகவே திரும்பி வந்திருக்கிறேன். என் கண் தவறவில்லை.

அப்பா லாடம் அடித்தவர் என்பது உண்மை. ஊரின் சொத்துப் பத்திரங்களையெல்லாம் எழுதிவைக்கும் பெரிய மனிதர் நோட்டரி பொவாசேயின் குதிரைகளுக்கும் அவர்தான் அடித்தார். நான் பாரிஸில் ஒருவேளைச் சாப்பாட்டோடு படித்துவிட்டு வந்து சந்தைச் சதுக்கத்தில் கடை போட்டேன். நோட்டரியின் மகள் சோலான்ஜ் வாராவாரம் இருமல் மிட்டாய் வாங்க வருவாள். அவளுக்கு இருமல் கிடையாது. அதற்கு மேல் ஒரு பெண் என்ன சொல்ல முடியும்? கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு போய்ப் பெண் கேட்டேன். நோட்டரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நல்ல பையன்தான் நீ, ஃபிர்மேன். ஆனா மருந்து கொண்டுவர்றவங்க பின்வாசல்லதான வருவாங்க? நீ வழி மாறி வந்துட்ட" என்றார்.

அடுத்த வசந்தத்தில் அவளை எத்தியென் த மெர்லாக்குக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பெயருக்கு நடுவே பிரபு வம்சத்துக்கான அந்த 'த' இருந்தது. மாளிகைக் கூரை ஒழுகியது. அவனுக்குச் சிரிக்கத் தெரியும், வேட்டையாடத் தெரியும், வேறொன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு அவள் காதில் ஏதோ சொல்வான். அவள் தோள் குலுங்கும். எனக்கு வயிறு எரியும், பூசை முடியும்வரை எரியும்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கூடையோடு கடைக்கு வந்தாள்.

"அவர் விடியறப்பவே போய்ப் பறிச்சிட்டு வந்தது. தனக்கு எல்லாம் தெரியும்னு பீத்திக்கிறாரு. நீங்க பாத்துச் சொன்னாத்தான் அடுப்புல ஏத்துவேன்."

"நீங்களும் சாப்பிடுவீங்களா?"

"ஐயோ, எனக்கு அந்த வாடையே ஆகாது. சின்னதுலேர்ந்தே அப்படித்தான்."

அது எனக்குத் தெரியும். இருந்தாலும் உறுதிப்படுத்திக்கொண்டேன்.

கூடையில் பெரும்பாலும் நல்லவைதான். இரண்டு மட்டும் இளம்பச்சைத் தொப்பி போட்டவை. எங்கள் படிப்பில் முதல் வருடமே இந்த விஷக் காளானை அடையாளம் காட்டிவிடுவார்கள். தின்றவனுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் வயிறு புரட்டும், பிறகு சரியாகிவிட்டது போலிருக்கும். அதற்குள் ஈரல் போயிருக்கும். எந்தக் குழந்தைக்கும் தெரிகிற சிவப்புக் காளான் ஒன்றை எடுத்து அவள் கண்ணெதிரே வாளியில் போட்டேன். மற்றதெல்லாம் நல்லது என்றேன்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். "அப்போ மத்தியானம் நீங்களும் எங்க வீட்டுலதான் சாப்பிடணும். சாக்கு எதுவும் சொல்லக்கூடாது."

முன்வாசல் வழியாகப் போனேன். வேலைக்காரன் என் தொப்பியை வாங்கிக்கொண்டான். எனக்கென்று ஒரு நாற்காலி, எனக்கென்று ஒரு கண்ணாடிக் கோப்பை. வெண்ணெயில் வதக்கிப் பூண்டு போட்ட காளான் வந்தது. என் வயிற்றுக்குச் சூப் மட்டும்தான் ஒத்துக்கொள்ளும் என்றேன்.

மெர்லாக் விடவில்லை. "என்ன மருந்துக்காரரே, நல்லதுன்னு சொன்னவரே தொடலன்னா எப்படி? விக்கிற மருந்தையும் நீங்க குடிக்கிறதில்ல போல" என்று மேசையைத் தட்டிச் சிரித்தான். என் முகம் சுண்டிப்போனது.

சோலான்ஜ் அதைப் பார்த்துவிட்டாள். "பாவம், அவர விடுங்களேன். அவருக்குப் பதிலா நான் ஒரு வாய் சாப்பிடுறேன், போதுமா?"

அவன் தன் முள்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தி அவள் பக்கம் நீட்டினான். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் என் படிப்பு, கடை, அந்த நாற்காலி எல்லாம் அதோடு போயிருக்கும். அதுகூடக் காரணமில்லை. மூக்கைச் சுருக்கி, சிரித்துக்கொண்டே, சின்னப்பிள்ளை போல அவனைப் பார்த்து அவள் வாயைத் திறந்தாள். என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. நான் சூப்பைக் குடித்தேன்.

"அட, நல்லாத்தான் இருக்கு" என்று தன் தட்டையும் நீட்டினாள்.

மெர்லாக் புதன்கிழமை செத்தான், அவள் மறுநாள்.

அவனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, ஐயா. அவள் வாயைத் திறந்தது அவனுக்காக.