பத்து மணித் தண்ணீரைச் சோதித்த அம்மையாருக்கு

கலங்கல் நீரிலும் கலங்காத கண்ணே! குடிநீர் நிலையத்தின் குன்றாத குணக்குன்றே! முப்பத்து மூன்று ஆண்டுகள் முகம் கோணாமல், முறை தவறாமல், முணுமுணுப்பு ஒன்றுமில்லாமல் பணிபுரிந்து, இன்று மாலை ஐந்து மணியோடு ஓய்வு பெறும் எங்கள் ஆய்வக உதவியாளர் அம்மையாரே! தங்கள் புகழைப் பாட எங்களுக்கு நாவில்லை. தங்கள் பொறுமையை அளக்க எங்களிடம் மானியில்லை. நன்றிப் பெருக்கால் நெஞ்சம் விம்ம, நீர் மல்கும் கண்களோடு தங்கள் முன் நிற்கிறோம்.

இதுவரை படித்தது, இந்த நிலையத்தில் ஓய்வு பெறும் எல்லோருக்கும் நாங்கள் படிப்பதுதான். எழுத்தரின் மேசை இழுப்பறையில் அது தயாராகவே இருக்கிறது. ஆளை மாற்றி, ஆண்டை மாற்றினால் போதும். மேடையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கியதும் அந்தப் பக்கத்துக்குத்தான். இனி வருவது அவர் பார்க்காதது. ஐயா பொறுத்தருள்க, காபி சூடு தணிவதற்குள் முடித்துவிடுகிறோம்.

வரும் திங்கட்கிழமை விசாரணை அலுவலர் ஒருவர் இங்கே வருகிறார். நம் நதித் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்று ஊர்மக்கள் கொடுத்த மனுவின் மேல் அவர் முடிவு சொல்லப்போகிறார். அவர் மேசையில் இரண்டு சாட்சிகள் இருக்கும். ஒன்று, எட்டு ஆண்டுகளாகத் தாங்கள் எழுதிய நோட்டு. மற்றொன்று, அந்த நோட்டை நம்ப வேண்டாம் என்று நாங்கள் பதினான்கு பேர் கையொப்பமிட்ட கடிதம். இரண்டில் ஒன்று பொய். தாங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் அது எது என்று சொல்ல இந்த வளாகத்தில் ஆளிருக்காது.

கடமையின் கலங்கரை விளக்கே! தங்கள் பெருமையைச் சொல்லத் தொடங்கினால் நம் எல்லோருடைய முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். "ஆபீஸ் பாத்துக்கும்னு இருந்தா ஒண்ணும் நடக்காது. குடிக்கிறவங்கதான் பாக்கணும்" என்றீர்கள். தெருவுக்கு ஒருவர் என்று முப்பது பேர் கிளம்பினார்கள். ரொட்டிக் கடைக்காரர் வந்தார், முடிதிருத்துபவர் வந்தார், ஓய்வு பெற்ற தபால்காரர் வந்தார், கணக்கு வாத்தியார் வந்தார். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும், மூடியைத் தண்ணீருக்குள்ளேயே திருக வேண்டும் என்று படித்துறையில் முழங்கால் நனைய நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தீர்கள். காலை ஏழு மணிக்கு வாசலில் முப்பது பாட்டில் வரிசை கட்டும். ஒன்பது மணிக்குள் வாசல் கரும்பலகையில் முடிவு ஏறும். ஊரே தங்களை ஏழு மணி அம்மா என்று அழைத்தது.

ஏழேகாலுக்கு மேல் வரும் பாட்டில் செல்லாது என்பது தாங்கள் வகுத்த விதி. ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட வேண்டுமானால் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் அதைப் பெருமையாக அச்சடித்து வாசலில் ஒட்டினோம். அதோடு விட்டோமா? முதலாண்டு விழாவுக்கு நதியின் மேற்பக்கத்தில் இருக்கும் முலாம் பூசும் ஆலையின் மேலாளரையே தலைமை தாங்க அழைத்தோம். அவர் முப்பது புதுப் பாட்டில் அன்பளிப்பாகத் தந்தார். "இவ்வளவு கரெக்டா நேரம் பாக்குற ஜனங்களை நான் எங்கயும் பாத்ததில்லைங்க" என்று மனம் நிறைந்து பாராட்டினார். நாங்கள் கைதட்டினோம். அவருடைய ஆலை தினமும் காலை எட்டரை மணிக்குக் கழிவு மதகைத் திறந்துகொண்டிருந்தது.

மூன்று ஆண்டுகள் பலகையில் "நல்ல நீர்" என்றே எழுதினோம். அந்த மூன்று ஆண்டும் ஒரே ஒரு மனிதர் எங்களுக்கு வேடிக்கைப் பொருளாக இருந்தார். கடைசித் தெருத் தையற்காரர். விடிய விடியத் தைப்பவர். பத்து மணிக்குத்தான் கண் விழிப்பார், அப்போதுதான் பாட்டிலும் வரும். அது லேசாக மஞ்சள் ஓடியிருக்கும். "பாட்டிலைக் கழுவிட்டு வாங்கண்ணே" என்போம். சீக்கிரம் எழுந்திருக்க வீட்டில் சொல்லித் தர ஆளில்லையா என்று கிண்டலடிப்போம். அவர் சிரித்துக்கொண்டே ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, ஏழு மணிக்கு மட்டுமா ஊர்ல தண்ணி குடிக்கிறோம்?" அதற்கும் நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். தாங்களும்தான் சிரித்தீர்கள், அம்மா. பிறகு சிரித்தபடியே அவர் பாட்டிலைத் தொட்டியில் கொட்டினீர்கள்.

உண்மை வெளிப்பட்டதும் அந்தத் தொட்டியில்தான். உலோக நஞ்சைக் கண்டுபிடிக்கும் மருந்து ஊற்றிய கண்ணாடிக் குவளை ஒன்று கழுவப்படாமல் தொட்டியில் கிடந்தது. தையற்காரரின் பாட்டிலைத் தாங்கள் கவிழ்த்ததும் வெள்ளைத் தொட்டி முழுவதும் ஊதாவாக மாறியது. நல்ல தண்ணீருக்கு அந்த மருந்து நிறம் மாறாது. தாங்கள் குழாயைக்கூடத் திறக்காமல் அங்கேயே நின்றீர்கள். பிறகு வாசலுக்கு ஓடிப்போய், தெருமுனை வரை போய்விட்ட அவரைக் கூப்பிட்டு, "அண்ணே, நாளைக்கும் பத்து மணிக்கே வாங்க. தயவு செஞ்சு சீக்கிரம் எழுந்திரிச்சிடாதீங்க" என்றீர்கள். செல்லாது என்று மூன்றாண்டு கீழே ஊற்றிய தண்ணீர்தான் இந்த ஊர் பகலெல்லாம் குடித்த தண்ணீர். எங்கள் மணல் வடிகட்டி சேற்றைப் பிடிக்கும்; கரைந்து வரும் உலோகத்தை அது வழியனுப்பி வைக்கும்.

வாய்மையின் வடிவே! பத்து நாள், மணிக்கு ஒரு முறை தாங்களே நீர் எடுத்துச் சோதித்தீர்கள். பதினோராம் நாள் பலகையில், "ஒன்பது மணிக்கு மேல் வரும் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மூன்று ஆண்டுகளாக நான் தவறாகச் சோதித்தேன்" என்று எழுதினீர்கள். மதியத்துக்குள் பலகை துடைக்கப்பட்டது. மறுநாள் தேநீரோடு ஒரு கடிதம் சுற்றுக்கு வந்தது: தண்ணீரின் நிறத்தை அளக்கும் நிறமானி பழுது, உதவியாளருக்குப் போதிய பயிற்சி இல்லை, நீர் நலமாகவே உள்ளது. சொல்லச் சொல்ல எழுதியவர் எங்கள் எழுத்தர்; சொன்னவர் யாரென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மேடையின் நடுவில் மாலையோடு இருக்கிறார். தாங்கள் அதே அறையில், நான்கு அடி தள்ளி அமர்ந்திருந்தீர்கள். மோட்டார் இயக்குபவருக்குப் பேனா எழுதவில்லை. "இந்தாங்க, இது நல்லா எழுதும்" என்று தங்கள் பேனாவை நீட்டினீர்கள். அவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இன்றுவரை அவர் தங்கள் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

தங்களைப் பழைய மானிகள் கிடக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். பாட்டில் கொண்டுவந்த முப்பது பேரில் பாதிப் பேர் தங்களைத் திட்டிவிட்டு ஒதுங்கினார்கள், மீதிப் பேர் திட்டாமலே ஒதுங்கினார்கள். தையற்காரர் ஒதுங்கவில்லை. எட்டு ஆண்டுகள், வாரம் இரண்டு நாள், கிடங்கின் பின்சன்னல் வழியாக அவர் பாட்டில் நீட்டினார். தாங்கள் கைக்காசில் மருந்து வாங்கி, துருப்பிடித்த மானிகளுக்கு நடுவே சோதித்து நோட்டில் எழுதினீர்கள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்க்காதது மாதிரி நடந்தோம். தையற்காரரின் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. தண்ணீரால்தான் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. தண்ணீரால் இல்லை என்றும் எழுதித் தரவில்லை. போன ஆண்டு அந்த அம்மாள் இறந்தார். மறு வாரமும் அவர் பாட்டிலோடு வந்தார்.

இப்போது திடீரென்று எங்களுக்கு வீரம் வந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். எங்கள் வீட்டு வெள்ளைக் கோப்பையிலும் அந்த மஞ்சள் தெரிய ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குக் கண் திறந்தது. ஊரார் குழந்தை குடித்தபோது அது நிறமானியின் பழுதாக இருந்தது; எங்கள் குழந்தை குடிக்கும்போது அது நஞ்சாகிவிட்டது. எங்கள் மனச்சாட்சியின் தரம் அவ்வளவுதான்.

போன வாரம் எங்களில் மூவர் கிடங்குக்கு வந்து தங்களிடம் மன்னிப்புக் கேட்டோம். தாங்கள் தலையை நிமிர்த்தாமல், "மன்னிப்பெல்லாம் எனக்கு எதுக்குப்பா? அதை வச்சு நான் என்ன பண்றது? கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா, அதைச் சொல்லுங்க" என்றீர்கள். அன்று நாங்கள் பதில் சொல்லாமல் திரும்பி வந்தோம். பதில் இதுதான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கையொப்பமிட்ட கடிதம் பொய். நிறமானி பழுதாகவில்லை, அது இன்றும் சரியாக வேலை செய்கிறது. தங்களுக்குப் பயிற்சி இல்லை என்பதும் பொய். எங்களுக்கு வேலை கற்றுத் தந்தவரே தாங்கள்தான். தங்கள் நோட்டில் இருப்பது அத்தனையும் உண்மை. இதைத் தலைமைப் பொறியாளர் முன்னிலையில், ஊர்மக்கள் கேட்க, சுயநினைவோடு எழுதிப் படிக்கிறோம்.

பாராட்டு மடலைச் சட்டமிட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம். இதைச் சட்டமிடவில்லை. கண்ணாடிக்குள் போட்டால் விசாரணைக் கோப்பில் சேர்க்க முடியாது. சுவரில் மாட்டிவிடாதீர்கள், அம்மா. திங்கட்கிழமை எடுத்துப்போய் அவர் கையில் கொடுங்கள்.

நோயின்றி நூறாண்டு வாழ்க என்று இந்த இடத்தில் வாழ்த்த வேண்டும். வாய் வரவில்லை. நாங்கள் அனுப்பும் தண்ணீரைத்தான் தாங்களும் குடிக்கிறீர்கள்.

இங்ஙனம்,
அன்று பொய்க் கடிதத்தில் கையொப்பமிட்ட பதினான்கு பேரில்,

எழுத்தர்
மோட்டார் இயக்குபவர்
வடிகட்டிப் பிரிவினர் மூவர்
குழாய் பொருத்துநர் இருவர்
மானி பார்ப்பவர்
வாயிற்காவலர்

மற்ற ஐவரும் இந்த அரங்கில்தான் இருக்கிறார்கள். கீழே ஐந்து கோடுகள் காலியாக உள்ளன.