குளிர்நீரில் ஆடும் முள்

மேடையில் வீற்றிருக்கும் படகுச் சங்கத் தலைவர் அவர்களே! துக்கத்தையும் தாங்கிக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே! எதிர்க்கரையிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்ல. நம் ஏரிப் படகில் சுக்கான் பிடிப்பவன். நம் தலைமை மெக்கானிக் முள்ளண்ணன் போய்விட்டார். முள்ளண்ணன்! எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காத மனிதருக்கு நாம் வைத்த பெயர். "எனக்குக் காய்ச்சல்னா நெத்தியில கை வைக்க மாட்டாரு, எஞ்சினுக்குன்னா ஓடுவாரு" என்று அவர் மனைவி, நம் அண்ணி, கேலி செய்வார்.

பனிக்காலத்துக் காலை எப்படியிருக்கும்? தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. படகு நகர்கிறதா, கரை நகர்கிறதா என்றும் தெரியாது. எஞ்சினின் முனகல் மட்டும் கனவுக்குள் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருக்கும். அப்போது முள் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நமக்கு எஞ்சினை நிறுத்தக் கை பரபரக்கும். அவருக்கு? எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியே வரும் ரப்பர் குழாயில் உள்ளங்கையை வைத்து, அரைக்கண் மூடி உட்கார்ந்துவிடுவார்.

"அண்ணே, நிறுத்திடவா?"

"அவசரப்படாத. முழுசா ஏறி முழுசா இறங்கட்டும். அப்புறம் பேசலாம்."

எஞ்சினுக்குள் தண்ணீரை அளந்து விடும் சின்னக் கதவு ஒன்று உண்டு, தெர்மோஸ்டாட். முள் ஆடினால் படகோட்டிகள் நாம் என்ன செய்வோம்? அதைக் கழற்றி ஏரியில் வீசுவோம்! முள் அடங்கிவிடும். ஆனால் எஞ்சின் சூடேறாமலே ஓடி ஓடி, உள்ளே தேய்ந்து, ஒருநாள் நடுத்தண்ணீரில் கையை விரித்துவிடும். எத்தனை படகுகள் அப்படிப் போயின! "ஏன் ஆடுதுன்னு கேக்காம அதோட வாயைப் பொத்துறீங்களேடா!" என்று திட்டித் தீர்ப்பார்.

சென்ற வாரம் அதே படகில்தான் அவர் உடலை எதிர்க்கரையிலுள்ள அவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். நடு ஏரியில் முள் ஏறியது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பழக்கதோஷத்தில் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தோம்! போர்வைக்குள் அவர் கிடந்தார். ஐயோ, அந்த நிமிடம்தான் அவர் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

"கழட்டிடலாம்ண்ணே" என்றார் எஞ்சின் உதவியாளர்.

அண்ணி நிமிர்ந்தார். "அவரு இங்கதானே இருக்காரு. அவரு முன்னாடியா கழட்டுவீங்க?"

சுக்கானை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, குழாயில் நான் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. வெகுநேரம் சில்லென்றே இருந்தது. திடீரென்று கை பொறுக்காத சூடு. உடனே முள் சரிந்தது. மறுபடி சில். புரிந்துவிட்டது! கொஞ்சங்கொஞ்சமாகத் திறக்க வேண்டிய கதவு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சூடு முற்றியதும் படாரென்று திறக்கிறது. பனித்தண்ணீர் பாய்ந்ததும் மூடிக்கொள்கிறது. முள் ஆபத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. எஞ்சினை நிறுத்தாமல், வேகத்தைக் குறைத்து, பனிக்குள் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். அப்படியே இக்கரைக்குத் திரும்பியதும் அந்தக் கதவைப் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீரைச் சுட வைத்தோம். கொதி வரும்வரை முறைத்துக்கொண்டு கிடந்து, அப்புறம்தான் துள்ளித் திறந்தது. புதிது மாட்டியாயிற்று.

தலைவர் அவர்களே! அன்றிலிருந்து படகு கட்டிக் கிடக்கிறது. எதிர்க்கரை நோயாளிகள் மருத்துவமனைக்கு வர வழியின்றித் தவிக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கே அவர்கள் ஏரியைச் சுற்றிப் பேருந்தில்தான் வந்திருக்கிறார்கள். "அவரு இல்லாம இந்தக் குளிர்ல ஓட்டிடுவியா?" என்று என்னைக் கேட்டீர்கள். நான் படகுக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டேன். பயம். இன்றும் பயம்தான்; மறைப்பானேன்? ஆனால் நம்மையெல்லாம் கரை சேர்த்த மனிதரை, அவர் உதவி இல்லாமலே நாங்கள் கரை சேர்த்திருக்கிறோம்! முள் ஆடினால் காரணம் தேடுவோம். எதையும் கழற்றி வீச மாட்டோம். இது முள்ளண்ணன்மீது ஆணை.

எதிர்க்கரைப் பெரியோர்களே, திரும்பிப் போகப் பேருந்துக்கு நிற்காதீர்கள். நேரே படகுத்துறைக்கு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் எஞ்சினைக் கிளப்புகிறேன்.