ராபியா பட்டறையில் பாதியில் நிற்கும் வேலை

தலைமை ஏற்றிருக்கும் ஐயா ஜம்புலிங்கம் அவர்களே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் பூந்தமல்லி வட்டார மெக்கானிக் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் ஃபாரூக் தம்பி அவர்களே, தாய்மார்களே!

நம் சங்கத்தின் துணைச் செயலாளர் சகோதரி ராபியா அவர்களை ‘மறைந்த’ என்று சொல்லத்தான் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்து, “அண்ணே, இந்த வாட்டியாவது கூட்டத்துக்கு நேரத்தோட வந்துடுண்ணே” என்று சிரித்தவர், மதியம் இல்லை என்றால் யார் நம்புவது? பட்டறையில் நின்றபடியே தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். நாற்பத்தோரு வயது! காய்ச்சல் என்று படுத்துக்கூடப் பார்த்ததில்லை. டாக்டர் வந்து சொன்னபோது, வேறு யாரைப் பற்றியோ சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது!

கரையான்சாவடியில் அலுமினிய வெல்டிங் என்றால் ராபியா. மாங்காட்டு ஜேம்ஸ் இங்கேதான் இருக்கிறார். டயாலிசிஸ் நோயாளிகளைக் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்கிறாரே, அந்தப் பழைய காரின் இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய், விரிசல் விட்டுவிட்டது. அந்த மாடலுக்கு உதிரிபாகமே வருவதில்லை. எல்லோரும் கையை விரித்தோம். ராபியா விரித்தாரா?

வேறொரு காரின் குழாயைக் கொண்டுவந்தார். போல்ட் துளைகள் சேரவில்லை. அதன் கிளைக்குழாய்களை அறுத்து, ஜேம்ஸ் காரின் இன்ஜினுக்குப் பொருந்தும்படி புதிய தகடு வெட்டி, அதில் பற்றவைத்தார். சூட்டில் தகடு வளைந்துவிட்டது! இடுக்கில் காற்று புகுந்து இன்ஜின் உதறி உதறி அணைந்தது.

“வுட்டுடுக்கா, வண்டிய காயலான் கடையில போட்டுக்கறேன்” என்றார் ஜேம்ஸ்.

“வண்டிய போட்டுடுவே. அதுல வர்ற ஜனத்த எங்கடா போடுவே?”

மறுபடியும் அறுத்தார். இந்த முறை தகட்டைக் கனமான இரும்புப் பலகையில் முடுக்கிவைத்து, கொஞ்சம் பற்றவைப்பது, ஆறவிடுவது, பிறகு கொஞ்சம் என்று செய்தார். உள்ளே துருத்திய வெல்டிங்கை அரத்தால் ராவி வழவழப்பாக்கினார். “இப்ப செல்ஃப் அடிடா” என்றார். இன்ஜின் சீராக ஓடியது. ஜேம்ஸ் அழுதுவிட்டார், ராபியாவோ டீ சொல்லப் போய்விட்டார்!

நேற்று அவர் பட்டறைக்குப் போனோம். இன்னொரு பழைய காரின் மேனிஃபோல்டு, பாதி அறுத்தபடி வைஸ் பிடியில் நிற்கிறது. தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை. “இதைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு, அவர் நினைவாகச் சங்கத்தில் வைப்போம்” என்றேன். ஃபாரூக், மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த அந்த மனிதர், நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணாத்தே, அத்த பொட்டியில வெச்சிப் பூட்டாதீங்க. வண்டிக்காரரு காத்துகினு கீறாரு. இது இன்னா அவ பொருளா? அவரோடதுதானே?”

தோழர்களே, ஃபாரூக் கேட்டது நியாயம்தானே?

ராபியாவின் கை நம்மில் எவருக்கும் கிடையாது. ஆனால் ஒருவர் அறுக்கலாம், ஒருவர் பற்றவைக்கலாம், ஒருவர் ராவலாம். கெட்டுப்போனால் இன்னொன்று செய்வோம். இது இந்தச் சபையில் நாம் கொடுக்கும் வாக்கு!

ஃபாரூக் தம்பி, பட்டறைச் சாவியை இப்போதே என்னிடம் கொடுங்கள்.